ராக்கெட் கற்கவும் கற்பிக்கவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளோடு தண்ணீர் ராக்கெட் விடுகிறேன் என்று தெரிந்தால் போதும், கேள்விகள் வரத் தொடங்கிவிடும். மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, ஒவ்வொன்றின் கீழும் என் பதிலைத் தந்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், வம்பான கேள்விகள் பின்னால்.

ராக்கெட்னா பெரிய விஞ்ஞானிங்க வேலையாச்சே, பள்ளிக்கூடத்துல எப்படிங்க?

ராக்கெட் என்றால் நெருப்பும் புகையுமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உறிஞ்சுகுழலில் காகித ராக்கெட்டைச் செருகி வாயால் ஊதுவது முதல் படி. நுரைக்கும் மாத்திரையையும் கொஞ்சம் தண்ணீரையும் சிறு டப்பாவில் போட்டு மூடி, மூடி கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தால் டப்பா மேலே பாயும், அது இரண்டாவது. குளிர்பான பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, காற்றடித்து விடுவது மூன்றாவது. ஆலையில் செய்து வரும் திட எரிபொருள் மோட்டாரை வைத்து விடும் மாதிரி ராக்கெட் அதற்கு அப்புறம்தான்.

முதல் மூன்றிலும் நெருப்பே கிடையாது. ஆனால் நியூட்டனின் விதிகள், உந்தம், காற்றுத்தடை, நிலைப்புத்தன்மை, அளவீட்டுப் பிழை எல்லாம் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. நான்காவது படிக்கு அவசரப்பட வேண்டாம் என்று இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அதுதான்.

எத்தனை வயசுல ஆரம்பிக்கலாம்?

காகித ராக்கெட்டை ஆறேழு வயதிலேயே தொடங்கலாம். தண்ணீர் ராக்கெட்டுக்குப் பத்து வயது வந்தால் நல்லது, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மோட்டார் வைத்த ராக்கெட்டை உயர்நிலை வகுப்புகளுக்கு விட்டுவிடுங்கள், அங்கேயும் பெரியவர் மேற்பார்வை கட்டாயம்.

ராக்கெட் காற்றைத் தள்ளித்தானே மேல போகுது? அப்போ காற்றே இல்லாத விண்வெளியில எப்படிப் போகும்?

இந்தச் சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடர்டின் ஆய்வைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 1920 ஜனவரியில் எழுதிய தலையங்கம், வெற்றிடத்தில் ராக்கெட் வேலை செய்யாது என்றும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கூட இவருக்குத் தெரியவில்லை என்றும் கேலி செய்தது. அப்பல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே பத்திரிகை தன் தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

ராக்கெட் தள்ளுவது வெளிக்காற்றை அல்ல, தன் வயிற்றுக்குள் இருக்கும் பொருளைத்தான். அந்தப் பொருள் வேகமாகப் பின்னே போனால் ராக்கெட் முன்னே போகிறது. வெளியே காற்று இருப்பது அதற்குத் தடைதான். வகுப்பில் இதைக் காட்டுவது சுலபம். ஒரே பாட்டிலை ஒரே அழுத்தத்தில் முதலில் வெறும் காற்றோடு விடுங்கள், அப்புறம் தண்ணீர் ஊற்றி விடுங்கள். வெளியே இருப்பது அதே காற்றுதான். ஆனால் பின்னால் கனமான பொருளைத் தள்ளும் இரண்டாவது ராக்கெட் முதலாவதைத் தாண்டிப் போகும்.

தண்ணீர் எவ்வளவு ஊத்தணும்? நிறைய ஊத்தினா நிறைய உயரம் போகும்தானே?

போகாது. பாட்டிலின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் நல்ல தொடக்கம். தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறையும். தண்ணீரை வெளியே தள்ளும் ஆற்றல் அந்த அழுத்திய காற்றில்தான் சேமித்திருக்கிறது என்பதால், காற்று குறைந்தால் ஆற்றலும் குறைகிறது. போதாததற்கு ராக்கெட்டின் எடையும் ஏறிவிடும். தண்ணீர் மிகக் குறைந்தாலோ, முந்தைய பதிலில் சொன்னபடி, பின்னால் தள்ளப் பொருள் போதாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேலே உள்ள பத்தியை வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்து, அழுத்தத்தை மாற்றாமல், 200 மில்லிலிட்டரில் தொடங்கி 200, 200-ஆகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று முறையாவது விட வேண்டும். வரைபடம் ஏறி, ஒரு முகடு காட்டி, இறங்கும். முகடு எங்கே வரும் என்று ஒவ்வொரு குழுவும் முன்பே எழுதி மடித்து வைக்கட்டும். கணித்தது ஒன்றாகவும் நடந்தது வேறாகவும் இருக்கும்போது நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, அதுதான் பாடம்.

அழுத்தத்தை ஏத்திக்கிட்டே போனா என்ன ஆகும்?

ஓர் எல்லை வரை உயரம் கூடும், அதற்கப்புறம் பாட்டில் வெடிக்கும். பள்ளி வேலைக்கு அழுத்தமானியில் 4 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாராளம், அதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. சோடா போன்ற வாயு அடைத்த குளிர்பான பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். குடிநீர் பாட்டிலின் சுவர் மெல்லியது, இந்த வேலைக்கு ஆகாது. கீறல் விழுந்த பாட்டில், மடிந்து வெள்ளைக் கோடு தெரியும் பாட்டில், பல முறை தரையில் மோதிய பாட்டில் எல்லாம் குப்பைக்குத்தான். துடுப்பை (பாட்டிலின் பின்பக்கத்தில் ஒட்டும் இறக்கையை) ஒட்டும்போது சூடான பசை பட்டாலும் பிளாஸ்டிக் பலவீனமாகும், டேப்பே போதும். ராக்கெட்டில் உலோகத் துண்டு எதுவும் வேண்டாம்.

காற்றடிப்பவருக்கும் பாட்டிலுக்கும் நடுவே நீண்ட குழாய் இருக்கட்டும், விடுவிக்கும் கொக்கியைக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுங்கள். எல்லோருக்கும் கண் பாதுகாப்புக் கண்ணாடி. அழுத்தம் ஏறிய பாட்டிலின் பக்கத்தில் "ஏதோ கசியுது, பார்க்கிறேன்" என்று ஒருவரும் போகக் கூடாது. முதலில் தூரத்திலிருந்தே காற்றை வெளியேற்றுங்கள், அப்புறம் பாருங்கள்.

உயரத்தை எப்படி அளக்கிறது? எங்ககிட்ட கருவி ஒண்ணும் இல்லையே.

கோணமானி, நூல், நூலின் நுனியில் கட்ட ஒரு சிறு எடை, இவ்வளவுதான் கருவி. ஏவும் இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, ராக்கெட் உச்சியைத் தொடும் கணத்தில் கோணத்தைப் படியுங்கள். தூரத்தைக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கி, கண் இருக்கும் உயரத்தைக் கூட்டினால் விடை. கோணம் 45 பாகை என்றால் 30 மீட்டர், 60 பாகை என்றால் 52 மீட்டர், அதோடு கண் உயரம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 60 பாகையில் ஒரு பாகை தவறினால் விடை 2 மீட்டர்தான் மாறும். அதே 30 மீட்டரில் நின்று 80 பாகை படித்தால் விடை 170 மீட்டர். அங்கே ஒரு பாகை பிசகினால் அது 154 ஆகலாம், 189-ம் ஆகலாம். அதனால் கோணம் 45-ஐ ஒட்டி வரும்படி பின்னால் போய் நில்லுங்கள். எதிரெதிர்த் திசையில் இருவர் அளந்து சராசரி எடுத்தால், ராக்கெட் ஒரு பக்கம் சாய்ந்து போவதால் வரும் பிழையும் குறையும்.

இன்னும் எளிய வழி நிறுத்துக் கடிகாரம். பாராசூட் இல்லாத ராக்கெட் புறப்பட்டதிலிருந்து தரை தொடும் வரை ஆகும் நொடிகளை எடுத்து, அதன் வர்க்கத்தை 1.2-ஆல் பெருக்குங்கள். 5 நொடி என்றால் சுமார் 30 மீட்டர். இது தோராயம்தான், ஆனாலும் ஒரு ராக்கெட்டை இன்னொன்றோடு ஒப்பிடப் போதும்.

துடுப்பு பெரிசா வெச்சாச்சு, அப்படியும் ராக்கெட் குட்டிக்கரணம் போட்டு விழுதே?

இரண்டு புள்ளிகளைத் தேடுங்கள். ஒன்று, ஈர்ப்பு மையம்: ராக்கெட்டை விரல் மேல் வைத்தால் சாயாமல் நிற்கும் இடம். தண்ணீர் ராக்கெட்டாக இருந்தால் தண்ணீர் இல்லாமல் பாருங்கள், ஏனென்றால் தண்ணீர் ஒரு நொடிக்குள் போய்விடும், மீதிப் பயணம் முழுக்க வெறும் பாட்டில்தான். இரண்டு, அழுத்த மையம்: காற்று பக்கவாட்டில் தள்ளும் விசையெல்லாம் ஒன்றுசேர்ந்து செயல்படும் இடம். இதைத் தோராயமாகக் காண, ராக்கெட்டின் பக்கத்தோற்றத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டை எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால், அதாவது மூக்குப் பக்கம், குறைந்தது ராக்கெட்டின் ஒரு விட்டம் அளவு தள்ளி இருக்க வேண்டும். பெரிய துடுப்பு அழுத்த மையத்தைப் பின்னே இழுக்கும், சரி. ஆனால் துடுப்பே கனமாக இருந்தால் ஈர்ப்பு மையமும் கூடவே பின்னால் வந்துவிடும். உங்கள் ராக்கெட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். துடுப்பை மெல்லிய அட்டையில் செய்யுங்கள், மூக்கில் கொஞ்சம் களிமண் அப்புங்கள். பிறகு ஈர்ப்பு மையத்தில் நூலைக் கட்டி, திறந்த வெளியில் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் விடலாம். வால் முன்னால் வந்தால் மறுபடியும் களிமண்.

அதற்காக அளவுக்கு மீறித் துடுப்பு வைத்தாலும் தொல்லைதான். காற்று வீசும் நாளில் ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு படுத்தவாறு பறக்கும்.

நான் கணக்கு டீச்சர். இயற்பியல் அவ்வளவா வராது. என்னால நடத்த முடியுமா?

எரிபொருள் எரிந்து தீர்வதற்குள் ராக்கெட்டின் வேகம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் ராக்கெட் சமன்பாட்டை 1903-இல் வெளியிட்ட கான்ஸ்தந்தீன் சியல்கோவ்ஸ்கி யார் தெரியுமா? ரஷ்யாவின் சிறு ஊர் ஒன்றில் கணக்கு வாத்தியார். சிறு வயதில் காய்ச்சலால் காது கேட்கும் திறனை ஏறக்குறைய இழந்தவர், பெரும்பாலும் நூலகத்தில் தானாகவே படித்தவர்.

மேலே உயரம் அளக்கச் சொன்னது முழுக்க முக்கோணவியல், தண்ணீர் அளவுச் சோதனை முழுக்க வரைபடமும் சராசரியும். கணக்கு வகுப்பே இதற்குத் தோதான இடம் என்பேன். தெரியாத கேள்வி வந்தால் "அதை எப்படிச் சோதிக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள், சமாளிப்பதற்காக இல்லை, நிஜமாகவே.

ஒரு பீரியட்ல நாற்பது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

ஒரே பீரியடில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். செய்வது ஒரு நாள், விடுவது ஒரு நாள், கணக்குப் போடுவது ஒரு நாள். விடும் நாளில் ஏவுதளம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். இரண்டு இருந்தால் உங்கள் கண் இரண்டிலும் இராது. ஒரு குழு ஏவும்போது இன்னொன்று கோணம் பார்க்கட்டும், ஒன்று நேரம் எடுக்கட்டும், ஒன்று பதிவேடு எழுதட்டும். மீதிப் பேர் கோட்டுக்குப் பின்னால்.

பாதுகாப்பு அலுவலர் பதவியை ஒரு மாணவருக்குக் கொடுங்கள். அவர் "நிறுத்து" என்றால் ஆசிரியரும் நிறுத்தியாக வேண்டும். வகுப்பிலேயே அதிகம் வால்தனம் செய்யும் பிள்ளையிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள், பலன் நன்றாக இருக்கும். பள்ளியில் அனுமதி கேட்க ஒரு காரணம் வேண்டுமென்றால் உலக விண்வெளி வாரம் இருக்கிறது: ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை. ஐ.நா. பொதுச்சபை 1999-இல் அறிவித்தது.

வீடியோல சர்க்கரை வெச்சு எரிபொருள் செய்றாங்களே, நாங்களும் செய்யலாமா சார்?

கூடாது. இந்தப் பக்கத்தில் "பார்த்துச் செய்யுங்கள்" என்ற இழுபறி இல்லாமல் நான் சொல்லும் பதில் இது ஒன்றுதான். எரிபொருளைக் கலப்பதும் சூடாக்குவதும் குழாயில் அடைப்பதும், எந்தப் பொருளாக இருந்தாலும், மாணவர்கள் செய்யும் வேலை அல்ல. கலவையில் சிறு விரிசலோ காற்றுக்குமிழோ இருந்தாலே எரியும் பரப்பு கூடி, அழுத்தம் எகிறி, மோட்டார் குண்டாகிவிடும். அது நடக்க ஒரு கணம் போதும். வீடியோவில் வருவது வெடிக்காமல் தப்பியவை மட்டுமே.

1957 அக்டோபரில் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கச் சிறுவர்கள் பலர் வீட்டிலேயே எரிபொருள் கலந்து காயம் பட்டார்கள், உயிரிழப்பும் உண்டு. அதற்குச் சற்று முன்பே காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர், ஆலையில் செய்த, ஒருமுறை மட்டும் பயன்படும் மோட்டாரைப் பொருத்தும் காகித ராக்கெட்டை வடிவமைத்திருந்தார். ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதோடு பாதுகாப்பு விதிகளையும் சேர்த்துப் பரப்பினார். மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கே, பிள்ளைகள் எரிபொருளில் கை வைக்கக் கூடாது என்ற எண்ணத்தின் மேல்தான் வளர்ந்தது.

ரெடிமேட் மோட்டார் மேல "சி6-5"னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

எழுத்து மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவதை. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி. அடுத்த ஒவ்வோர் எழுத்துக்கும் இந்த வரம்பு இரட்டிப்பாகும்: பி 5, சி 10, டி 20. நடுவில் உள்ள 6, சராசரி உந்துவிசை 6 நியூட்டன் என்கிறது. கடைசி 5, எரிந்து முடிந்து எத்தனை நொடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடிப்பு நடக்கும் என்பது.

அந்த ஐந்து நொடியும் ராக்கெட் எரிபொருள் இல்லாமல், பெற்ற வேகத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும். கனமான ராக்கெட்டுக்கு நீண்ட தாமதம் உள்ள மோட்டாரை வைத்தால் அது உச்சியைத் தாண்டித் தலைகீழாக விழத் தொடங்கிய பிறகுதான் பாராசூட் விரியும், கிழிந்தும் போகும். மோட்டார் வாங்கும்போது எழுத்தை மட்டும் பார்க்கிறவர்கள் அதிகம், இந்தக் கடைசி எண்ணையும் பாருங்கள்.

மோட்டார் ராக்கெட் விட என்ன விதி?

முதலில் உங்கள் நாட்டுச் சட்டம். சில நாடுகளில் இந்த மோட்டார்கள் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வரும், வான்வெளிக்குத் தனி அனுமதியும் தேவைப்படலாம். விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.

விடும் முறைக்கு அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிகள் நல்ல வழிகாட்டி. உடல் காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற இலேசான பொருளில் இருக்க வேண்டும். மின்சாரத்தால் மட்டுமே பற்றவைக்க வேண்டும், திரி கூடாது. டி வரையான மோட்டாருக்கு 15 அடி, அதற்கு மேல் 30 அடி தள்ளி நிற்க வேண்டும். சத்தமாக ஐந்திலிருந்து கீழே எண்ண வேண்டும். பற்றாமல் போனால் பற்றவைக்கும் மின்சுற்றின் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, 60 நொடி காத்திருந்து, அப்புறம்தான் கிட்டே போக வேண்டும். மின்கம்பியில் சிக்கிய ராக்கெட்டை எடுக்கப் போகக் கூடாது, போனது போனதுதான்.

மாணவர்களுக்கு என்னென்ன போட்டி இருக்கு?

அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச் பள்ளி மாணவர்களுக்கானது, அந்த நாட்டுப் பள்ளிகளுக்கு மட்டும். ராக்கெட் பச்சை முட்டையைச் சுமந்து, குறித்த உயரத்துக்கு, குறித்த நேரத்தில் போய்த் திரும்ப வேண்டும், முட்டை உடையக் கூடாது. இலக்கு ஆண்டுதோறும் மாறும். பங்கேற்க முடியாவிட்டாலும் அந்த விதியை எடுத்து உங்கள் பள்ளியிலேயே தண்ணீர் ராக்கெட்டுக்கு நடத்தலாம். யார் உயரம் என்ற போட்டியைவிட "சரியாக 25 மீட்டர்" என்ற போட்டி பல மடங்கு கடினம், கற்பதும் அதிகம்.

கேன்சாட் இன்னொரு வகை. குளிர்பான டின் அளவுக்குள் ஒரு போலிச் செயற்கைக்கோள். அமெரிக்கப் பேராசிரியர் பாப் ட்விக்ஸ் 1998-இல் முன்வைத்த யோசனை இது. ஐரோப்பிய விண்வெளி முகமை பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் பதிப்பில் எடை 300 முதல் 350 கிராம். கீழே இறங்கும்போது வெப்பநிலையையும் அழுத்தத்தையும் நொடிக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும். மின்னணுவியல், நிரல் எழுதுதல் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதுவே பொருத்தம். உலக வானூர்திக் கூட்டமைப்பின் விண்மாதிரி (மாதிரி ராக்கெட்) உலகப் போட்டிகள் 1972 முதல் நடக்கின்றன, இளையோர் பிரிவும் உண்டு. கல்லூரி அணிகளுக்குத் தனிப் போட்டிகள் இருக்கின்றன.

செலவே இல்லாம கத்துக்க என்ன வழி?

ராக்கெட்டை வடிவமைத்து, அது எப்படிப் பறக்கும் என்று கணித்துக் காட்டும் ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள். சம்போ நிஸ்கனென் என்ற பின்லாந்து மாணவர் 2009-இல் தன் முதுகலை ஆய்வேட்டுக்காக எழுதியது, இன்று உலகெங்கும் போட்டி அணிகள் பயன்படுத்துகின்றன. நாசா ஆசிரியர்களுக்காக ராக்கெட் செயல்பாட்டு வழிகாட்டியை இலவசமாகத் தருகிறது. நாசாவின் கிளென் ஆய்வு மையம் தொடக்கநிலையினருக்கான பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். வகுப்பில் ஆளுக்கு ஒரு செயல்பாடாகப் பிரித்துத் தமிழில் எழுதிவரச் சொன்னால் அதுவே ஒரு நல்ல வேலை.

மென்பொருள் 300 மீட்டர்னு காட்டுது, நிஜத்துல 220தான் வருது. மென்பொருள் தப்பா?

மென்பொருள் நீங்கள் சொன்னதை நம்பியது. பசை, வண்ணம், டேப், பாராசூட் எல்லாம் சேர்த்து ராக்கெட்டை உண்மையில் எடை போட்டீர்களா? மேற்பரப்பு வழுவழுப்பு என்று கொடுத்துவிட்டு சொரசொரப்பாக விட்டீர்களா? துடுப்பு ஒன்று கோணலா? காற்று வீசியதா? ஒவ்வொன்றாகத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். எது எவ்வளவு குறைக்கிறது என்று தெரியும். ஆனால் அதற்கு முன் அந்த 220-ஐ எப்படி அளந்தீர்கள் என்று பாருங்கள். 80 பாகைக் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா?

மாணவர்கள் செஞ்ச ராக்கெட் நிஜமாவே விண்வெளிக்குப் போயிருக்கா?

போயிருக்கிறது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் டிராவலர் 4 ராக்கெட் 2019 ஏப்ரலில், விண்வெளி தொடங்குவதாகக் கொள்ளும் 100 கிலோமீட்டர் எல்லையைச் சற்றே தாண்டியது. அதே பல்கலைக்கழக மாணவர்களின் ஆஃப்டர்ஷாக் 2 ராக்கெட் 2024 அக்டோபரில் சுமார் 143 கிலோமீட்டர் போனது. பல தலைமுறை மாணவர்கள் தோல்விகளையும் குறிப்புகளையும் அடுத்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனதால் நடந்தது இது.

ஆனால் உயரம் போவது வேறு, சுற்றுப்பாதையில் நிற்பது வேறு. தாழ்ந்த சுற்றுப்பாதையில் தங்க, பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மேலே சொன்ன இரண்டு ராக்கெட்டுகளும் மேலே போய்த் திரும்பியவைதான்.

நல்லா உழைச்ச குழுவோட ராக்கெட் பறக்கவே இல்லைன்னா மார்க் எப்படிப் போடுறது?

உயரத்துக்கு மார்க் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை எல்லோரும் போன ஆண்டு ஜெயித்த ராக்கெட்டையே நகலெடுப்பார்கள். முன்கூட்டி எழுதிய கணிப்பு, மாற்றிய ஒரே ஒரு விஷயம், அளந்த எண்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் ஆகிய நான்குக்கும் போடுங்கள். பறக்காத ராக்கெட்டின் குழுவுக்கு அடுத்த வாரம் ஒரு வாய்ப்பு கொடுங்கள், என்ன திருத்தினார்கள் என்பதை அதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் மார்க் குறைக்க வேண்டாம். அழிப்பான் மட்டும் கூடாது, பழைய எண் கோட்டுக்குக் கீழே தெரிய வேண்டும்.